கல்கத்தா கால்பந்து லீக்: நமக்கு ஒரு பாடம்

நம் சித்தூர் ஜில்லா பிறந்தது 1911-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி. வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில தாலுகாக்களைப் பிரித்து வெள்ளைக்காரர் உண்டாக்கியது. அதே ஆண்டு ஜூலை 29-ம் தேதி கல்கத்தாவில் வேறொன்று நடந்தது. மோகன் பகான் என்ற வங்காளிக் கிளப், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற ராணுவக் குழுவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையைக் கைப்பற்றியது. மோகன் பகான் குழுவில் ஒருவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். எதிரே ஆடியவர்கள் பூட்ஸ் அணிந்த சிப்பாய்கள். முதலில் கோல் போட்டது ராணுவக் குழுதான். பிறகு சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் வெற்றி கோலைப் போட்டார்.

இந்தக் கதை பலருக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற அந்தக் கிளப்புக்கு அன்று கல்கத்தா லீக்கில் இடமில்லை என்பது பலருக்குத் தெரியாது. கோப்பைப் போட்டி வேறு, லீக் வேறு. இந்த வேற்றுமையை விளக்கி, அந்த லீக் வளர்ந்த கதையையும் சொல்லி, அதிலிருந்து நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று யோசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். (2001-லிருந்து அந்நகரம் கொல்கத்தா. பழைய பழக்கத்தில் கல்கத்தா என்றே எழுதுகிறேன்.)

லீக் என்றால் என்ன?

கோப்பைப் போட்டியில் தோற்ற குழு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எட்டுக் குழுக்கள் வந்தால் மொத்தம் ஏழே ஆட்டங்கள். நான்கு குழுக்கள் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பும். லீக் முறை அப்படியல்ல. ஒவ்வொரு குழுவும் மற்ற எல்லாக் குழுக்களோடும் ஆடும். எட்டுக் குழுக்களுக்கு 28 ஆட்டங்கள், ஒவ்வொரு குழுவுக்கும் ஏழு. ஒவ்வொரு எதிரியோடும் இருமுறை மோதுவது என்றால் 56 ஆட்டங்கள், குழுவுக்குப் பதினான்கு. வெற்றிக்கு இத்தனை புள்ளி, டிராவுக்கு ஒரு புள்ளி என்று கணக்கு வைத்து, கடைசியில் அதிகப் புள்ளி பெற்றவர் சாம்பியன். பழைய காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளி. இங்கிலாந்து 1981-ல் அதை மூன்றாக்கியது. இன்று உலகமெங்கும் மூன்றுதான்.

இந்த முறையைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்டன் வில்லா கிளப்பைச் சேர்ந்த வில்லியம் மெக்ரிகர். 1888-ல் பன்னிரண்டு குழுக்களோடு இங்கிலாந்து லீக் ஆரம்பமாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1890-ல், பெல்ஃபாஸ்ட் நகரைச் சுற்றியிருந்த கிளப்புகள் சேர்ந்து ஐரிஷ் லீக்கைத் தொடங்கின. 1898-ல் கல்கத்தாவில் லீக் தொடங்கிவிட்டது. ஆசியாவிலேயே பழமையான கால்பந்து லீக் இதுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

கதவு திறந்த விதம்

லீக்கை நடத்தியது 1893-ல் தோன்றிய ஐ.எஃப்.ஏ. என்னும் இந்தியக் கால்பந்துச் சங்கம். பெயரில் இந்தியா இருந்ததே தவிர, ஆரம்பத்தில் லீக் ஆடியவை ராணுவ ரெஜிமென்ட்களும் ஐரோப்பியர் கிளப்புகளுமே. முதல் சாம்பியன் குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்.

இந்தியர்களுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்பவர் பள்ளிப் பருவத்திலேயே பந்தை உதைக்கத் தொடங்கி, பின்னர் கிளப்புகளைத் திரட்டியவர். அவர் வளர்த்த சோவாபஜார் கிளப் 1892-லேயே டிரேட்ஸ் கோப்பையில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்ட்டைத் தோற்கடித்தது. ஆனாலும் லீக்கின் கதவு மெதுவாகத்தான் திறந்தது. 1911 வெற்றிக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் காத்திருந்து, 1914-ல் மோகன் பகான் இரண்டாம் டிவிஷனில் சேர்ந்தது. 1915-ல் முதல் டிவிஷனுக்கு வந்தது.

அப்போதும் ஒரு நிபந்தனை இருந்தது. முதல் டிவிஷனில் இரண்டு இந்தியக் குழுக்களுக்கு மேல் கூடாது! 1920-ல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கிளப் 1924-ல் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்தும், இந்த விதி குறுக்கே நின்றது. விளையாட்டில் ஜெயித்தவனுக்கு விதி இடம் தரவில்லை என்றால் அந்த விளையாட்டுக்கு என்ன அர்த்தம்? போராட்டத்துக்குப் பிறகு விதி தளர்ந்தது. 1925 மே 28-ல் முதன்முறையாக மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் லீக்கில் மோதின. 1-0 என்று வென்றது புதிதாக வந்த ஈஸ்ட் பெங்கால். அன்று தொடங்கிய அந்தப் போட்டி நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

ஆனாலும் பட்டம் வெள்ளையரிடமே இருந்தது. 1934-ல்தான் அது மாறியது. அந்த ஆண்டு முதல் டிவிஷனுக்குப் புதிதாக ஏறி வந்த முகமதன் ஸ்போர்ட்டிங், லீக் பட்டம் வென்ற முதல் இந்தியக் குழுவாயிற்று. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1939-ல் மோகன் பகானும் 1942-ல் ஈஸ்ட் பெங்காலும் தங்கள் முதல் பட்டங்களைப் பெற்றன. அதன் பிறகு லீக்கின் சரித்திரம் பெரும்பாலும் இந்த மூன்று கிளப்புகளின் சரித்திரமே. ஈஸ்ட் பெங்கால் சுமார் 40 முறையும், மோகன் பகான் 30 முறையும், முகமதன் 14 முறையும் பட்டம் வென்றிருக்கின்றன. 1970 முதல் 1975 வரை ஆறு முறையும், 2010 முதல் 2017 வரை எட்டு முறையும் தொடர்ந்து வென்றது ஈஸ்ட் பெங்கால்.

தெற்கத்தியர் பங்கு

இதை வங்காளிகளின் கதை என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. 1949-ல் ஈஸ்ட் பெங்கால் லீக், ஷீல்டு, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றது. அப்போது முன்வரிசையில் ஆடிய ஐவரைக் கல்கத்தா ரசிகர்கள் 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடினார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவருமே தென்னிந்தியர்கள். பிற்காலத்தில், ஹைதராபாத்தில் பிறந்த தமிழர் பீட்டர் தங்கராஜ் கோல்கீப்பராக மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடிப் புகழ் பெற்றார். ஆட்டம் தெரிந்த பையனுக்கு ரயில் டிக்கெட் வாங்கிக் கொடுத்தால் போதும், கல்கத்தா அவனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது.

ரயில்வேக்காரர்கள் வென்ற ஆண்டு

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஆகவே 1958-ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டு மூன்று பெரிய கிளப்புகளையும் பின்னுக்குத் தள்ளி லீக் பட்டம் வென்றது ஈஸ்டர்ன் ரயில்வே குழு. அதன் நட்சத்திரம் பி.கே. பானர்ஜி. பெரிய கிளப் எதிலும் சேராமல் கடைசிவரை ரயில்வே குழுவிலேயே ஆடியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவின் காப்டன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற குழுவில் இருந்தவர். 2020-ல் காலமானார்.

அதன்பின் அந்த மூன்று கிளப்புகளைத் தவிர வேறு யாரும் பட்டத்தைத் தொட 61 ஆண்டுகள் ஆயின. 2019-ல் பியர்லெஸ் குழு வென்றது.

எண்பதுகளின் நடுவில் இலாகா வேலையாக ஹவுரா போயிருந்தபோது, அங்கிருந்த சக ஊழியர் ஒருவர் என்னை மைதான் பகுதிக்கு அழைத்துப் போனார். பெரிய ஆட்டம் ஒன்றுமில்லை. ரயில்வே குழுவும் ஒரு சிறிய கிளப்பும் ஆடின. மழை தூறிக்கொண்டிருந்தது. பலகை அடுக்குகளில் குடை பிடித்தபடி சில நூறு பேர். என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் ஆட்டத்தின் விவரங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். அட்டவணையில் எந்தக் குழு எத்தனையாவது இடம் என்பது அவருக்கு மனப்பாடம். கடைசி இரண்டு இடங்களுக்குத் தள்ளப்படாமல் தப்பிக்க அந்தச் சிறிய கிளப்புக்கு அன்று ஒரு புள்ளியாவது வேண்டுமாம். டிரா ஆனதும் கோப்பையே வென்றதுபோல் எழுந்து கை தட்டினார். லீக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. கடைசி இடத்தில் இருப்பவனுக்கும் ஆட்டத்தில் அர்த்தம் உண்டு.

ஒரு துயர நாள்

திரும்பும் வழியில் அந்த நண்பர் ஈடன் கார்டன்ஸைக் காட்டி மெளனமானார். 1980 ஆகஸ்ட் 16-ம் தேதி அங்கே மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் லீக் ஆட்டம். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே அடுக்கில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தில் இரண்டு ஆட்டக்காரர்களுக்குள் எழுந்த சண்டை அடுக்குகளுக்குப் பரவியது. கல் வீச்சு, நெரிசல். 16 ரசிகர்கள் இறந்துபோனார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

அந்த நாளைக் கல்கத்தா மறக்கவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16-ஐக் கால்பந்து ரசிகர்கள் தினமாக அனுசரித்து ரத்த தானம் செய்கிறார்கள். ரயில்வேயில் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணை நடத்தி விதியைத் திருத்துவோம். கூட்டம் கூடும் எந்த இடத்துக்கும் அதே ஒழுங்கு வேண்டும். உள்ளே வர வழி செய்பவன், வெளியே போகவும் வழி செய்ய வேண்டும்.

இன்றைய அமைப்பு

கல்கத்தா லீக் ஏணி போன்றது. மேலே பிரீமியர் டிவிஷன், கீழே முதல் டிவிஷன் தொடங்கி ஐந்தாம் டிவிஷன் வரை. மேல்படியில் ஏ, பி என்றிருந்த இரண்டு பிரிவுகளை 2023-ல் ஒன்றாக்கினார்கள். அந்த ஆண்டு 26 குழுக்களை இரண்டு கூறாகப் பிரித்து முதல் சுற்று நடத்தினார்கள். ஒவ்வொரு கூறிலும் முதல் மூன்று இடம் பெற்றவை 'சூப்பர் சிக்ஸ்' சுற்றில் ஆடிச் சாம்பியனை முடிவு செய்தன. 2021 முதல் 2023 வரை மூன்று முறையும் பட்டம் முகமதனுக்கே. 2021-க்கு முன் அவர்கள் வென்றது 1981-ல்!

1996-ல் தேசிய லீக்கும், 2007-ல் ஐ-லீக்கும், 2014-ல் இந்தியன் சூப்பர் லீக்கும் வந்தபின் கல்கத்தா லீக்கின் பழைய மவுசு குறைந்தது உண்மைதான். பெரிய கிளப்புகள் இப்போது இதில் பெரும்பாலும் இளைஞர் குழுக்களையே இறக்குகின்றன. நான் இதைக் குறையாக நினைக்கவில்லை. மெயின் லைனில் எக்ஸ்பிரஸ் ஓட வேண்டுமானால் பிராஞ்ச் லைனில் பாசஞ்சர் ஓட வேண்டும். உள்ளூர்ப் பையன் ஏறுவது பாசஞ்சரில்தான்.

நம் ஊருக்கு என்ன?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பேரன் தன் பள்ளிக் குழுவோடு ஒரு போட்டிக்குப் போனான். மூன்று மாதம் விடியற்காலையில் பயிற்சி. காலை ஏழு மணிக்கு ஆட்டம், எட்டரைக்குள் தோல்வி, பத்து மணிக்கு வீட்டு வாசலில் நின்றான். "தாத்தா, மறுபடி எப்போ ஆட்டம்?" என்று கேட்டான். அடுத்த வருஷம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவனோடு ஆடிய பையன்களில் பாதிப் பேர் அதோடு பந்தை மூட்டை கட்டிவிட்டார்கள்.

2022-ல் திருப்பதி தனி ஜில்லாவாகிவிட்டது. சித்தூர், பாகாலா, ரேணிகுண்டா, திருப்பதி என்று ரயில் பாதை ஓரமாகவே ஆறு பள்ளிக் குழுக்களைச் சேர்க்க முடியாதா? ஆறு குழுக்களுக்கு 15 ஆட்டங்கள். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், நாளுக்கு மூன்று ஆட்டம். ஒரே ஒரு மைதானம் போதும். அட்டவணை போடுவதும் எளிது. முதல் குழுவை அசையாமல் நிறுத்தி, மற்ற ஐந்தையும் கடிகார முள் போலச் சுற்றிவிட்டால் தானாகவே வரும்:

முதல் வாரம்: 1-6, 2-5, 3-4
இரண்டாம் வாரம்: 1-5, 6-4, 2-3
மூன்றாம் வாரம்: 1-4, 5-3, 6-2
நான்காம் வாரம்: 1-3, 4-2, 5-6
ஐந்தாம் வாரம்: 1-2, 3-6, 4-5

சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஜோடியும் இரண்டு முறை வராது, எந்தக் குழுவும் எந்த வாரமும் சும்மா இருக்காது. சிங்கிள் லைனில் வண்டிகளுக்குக் கிராசிங் போட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய வேலையே அல்ல. ஒவ்வொரு பையனுக்கும் ஐந்து ஆட்டம் நிச்சயம். முதல் ஞாயிறு தோற்றவன் இரண்டாம் ஞாயிறு திருத்திக்கொள்ளலாம்.

சங்கத்து இளைஞர் பிரிவினர் முன்வந்தால் அட்டவணையும் புள்ளிக் கணக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன். வாசகர்களில் பழைய ஆட்டக்காரர் யாராவது இருந்தால் நடுவராக வாருங்கள். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட இருவர், முதலுதவிக்கு ஒருவர், வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஒருவர் வேண்டும்.

"மறுபடி எப்போ ஆட்டம்?" என்று இனி எந்தப் பிள்ளை கேட்டாலும், "வருகிற ஞாயிற்றுக்கிழமை" என்று நாம் பதில் சொல்ல வேண்டும்.