ஊர்ப் பொதுவுக்கு ஓர் இழைப்பு இயந்திரம்

நம் சிற்றூர்களில் மரத்திற்குக் குறைவில்லை. வேம்பும் பூவரசும் வாகையும் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வளர்ந்து நிற்கின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரை கடந்தபோது, வடசென்னையை அடுத்த எங்கள் வட்டாரத்திலும் ஏராளமான மரங்கள் வீழ்ந்தன. கதவுக்கும் பள்ளிப் பெஞ்சுக்கும் ஆகக்கூடிய அடிமரங்கள் பல, விறகு விலைக்கே வண்டியேறிச் சென்றதை நான் கண்டேன். அறுத்து உலர்த்திய பலகையைச் சீராக இழைத்துத் தருவதற்கு ஊரில் வசதி இருந்திருப்பின், அம்மரத்தில் ஒரு பகுதியேனும் ஊர்த் தச்சருக்கு வேலையாகவும் ஊராருக்குப் பொருளாகவும் மாறியிருக்கும்.

ஊருக்கு ஓர் இழைப்பு இயந்திரம் வாங்குதல் எளிதன்று. நான்கைந்து ஊர்களின் தச்சர்கள் கூடி ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். அவ்வாறாயின் அது ஊருக்கு ஊர் செல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும். நல்ல இழைப்பு இயந்திரமோ கனமானது. கனமும் வேண்டும், நகரவும் வேண்டும். இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரு தவறுகள்

என் பணிக்காலத்தில் இரு ஊர்களில் இரு வகைத் தவறுகளைக் கண்டேன். ஊர்ப் பெயர்கள் வேண்டா, படிப்பினை போதும்.

முதல் ஊரில், "எளிதில் எடுத்துச் செல்லத்தக்கது" என்று மட்டும் எழுதி விலைப்புள்ளி கோரினர். இருவர் தூக்கக்கூடிய, ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள மேசை இயந்திரம் வந்தது. மெல்லிய பலகைக்கு அது போதும். முடிச்சுள்ள வேப்ப நிலைக்காலை அதில் செலுத்தியபோது இயந்திரம் அதிர்ந்தது. பலகையில் அலையலையாகத் தடம் விழுந்தது. ஓய்வின்றி ஓட்டியதால் சில மாதங்களில் மோட்டார் கருகியது.

இரண்டாவது ஊரில், "பெரியதே நல்லது" என்று கருதி அரை டன் எடையுள்ளதை வாங்கினர். அதற்கு வேண்டிய மும்முனை மின்சாரம் அக்கொட்டகையில் இல்லை. வேறிடம் கொண்டுசெல்லவும் இயலவில்லை. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இரண்டு ஆண்டுகள் அது கிடந்தது.

கொடுங்கையூரில் கண்டது

இதற்கு வழி தேடி, கொடுங்கையூரில் ஒரு சிறு தச்சுப் பட்டறைக்குச் சென்றிருந்தேன். முன்னாளில் சிற்றூராக இருந்த கொடுங்கையூர் இன்று சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதி. அங்கே இடம் நெருக்கடி. பட்டறை என்பது பத்தடி அகலமுள்ள ஓர் அறை. காலையில் இயந்திரத்தை வாசலுக்கு உருட்டி வந்து வேலை செய்கிறார்கள். மாலையில் உள்ளே தள்ளிப் பூட்டுகிறார்கள். அது 300 கிலோ வார்ப்பிரும்பு இயந்திரம். எனினும் ஒருவரே நகர்த்துகிறார்.

அங்கிருந்த முதிய தச்சர் தம் இடக்கையைக் காட்டினார். இரு விரல்களில் நுனி இல்லை. "சக்கரத்தைப் பூட்டாம பலகையைத் தள்ளிட்டேன் ஐயா. மெஷின் முன்னால நகந்துச்சு, கை உள்ள போயிடுச்சு. எடை இரும்புல இருக்கணும், ஓட்டம் சக்கரத்துல இருக்கணும். வேலை செய்யும்போது சக்கரம் தரையைத் தொடவே கூடாது" என்றார்.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்போர்க்கு இதனினும் சிறந்த விதி இல்லை.

எடை ஏன் வேண்டும்?

இழைப்பு இயந்திரத்தின் உயிர்நிலை, அலகுகள் பொருத்திய உருளை. மூன்று அலகுகளுள்ள உருளை நிமிடத்திற்கு 5,000 முறை சுழன்றால், நிமிடத்திற்கு 15,000 வெட்டுகள் விழுகின்றன. பலகை நிமிடத்திற்கு 6 மீட்டர் நகர்ந்தால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். இத்துணை நுண்ணிய வேலையில் இயந்திரம் சிறிது அதிர்ந்தாலும் அது பலகையில் தடமாகப் பதியும். அந்த அதிர்வை அடக்குவது வார்ப்பிரும்பின் எடையே. ஆகவே எடையைக் குறைத்து எளிமை தேடுதல் தவறு.

இழைத்தலில் இரு வேலைகள் உண்டு. கோணிய பலகையின் ஒரு முகத்தைச் சமமாக்குதல் ஒன்று. இதைச் செய்வதைப் பட்டறைகளில் சர்பேஸ் பிளேனர் என்பர். மறுமுகத்தையும் இழைத்துக் கனத்தைச் சீராக்குதல் மற்றொன்று. இது திக்னஸ் பிளேனரின் வேலை. கோணிய பலகையை நேரே திக்னஸ் பிளேனரில் செலுத்தினால், உருளைகள் அதை அமுக்கி உள்ளே இழுக்கும். வெளியே வந்ததும் அது மீண்டும் கோணிக்கொள்ளும். இரு வேலைகளையும் செய்யும் கூட்டு இயந்திரமே பொதுப் பயனுக்கு ஏற்றது. நம் கதவுப் பலகைகளுக்கும் நிலைகளுக்கும் 12 அங்குல அகலம் போதும். இவ்வகை வார்ப்பிரும்பு இயந்திரம் ஏறத்தாழ 200 முதல் 300 கிலோ வரை இருக்கும்.

சக்கரச் சட்டம்

இரும்புக் கோணங்களால் பற்றவைத்த சட்டத்தில் இயந்திரத்தைப் போல்ட்டால் இறுக்குதல் வேண்டும். 300 கிலோவை நான்கு சக்கரங்கள் தாங்கினால் ஒன்றுக்கு 75 கிலோ என்று கணக்கிடுதல் போதாது. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் மூன்றே தாங்கும், குலுக்கலும் சேரும். எனவே ஒவ்வொரு சக்கரமும் 150 கிலோவுக்குக் குறையாமல் தாங்கவல்லதாக இருக்கட்டும். சிமெண்டுத் தரைக்கு 4 அங்குலச் சக்கரம் போதும். மண் தரையில் அது புதையும். பலகை பரப்பி அதன்மேல் உருட்டுதல் நன்று.

சட்டத்தின் நான்கு மூலைகளிலும் திருகுக் கால்கள் இருத்தல் இன்றியமையாதது. வேலைக்குமுன் அவற்றை இறக்கி, சக்கரங்கள் தரையினின்று உயரும்படி செய்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தல் வேண்டும். சக்கரத்திலுள்ள பூட்டு மட்டும் போதாது.

டிரெய்லரில் ஏற்றும்போது, தளம் 3 அடி உயரமெனில் 12 அடி நீளமுள்ள உறுதியான சாய்வுப் பலகைகளைப் பயன்படுத்துக. அப்போது 300 கிலோவுக்கு ஏறத்தாழ 75 கிலோ விசையும், உராய்வுக்குச் சிறிதும் போதும். கயிறோ செயின் பிளாக்கோ கொண்டு மேலிருந்து இழுக்க வேண்டும். இயந்திரத்திற்குக் கீழ்ப்புறம் எவரும் நிற்றலாகாது.

மின்சாரம்

செல்லும் ஊர்கள் எல்லாவற்றிலும் மும்முனை இணைப்பு கிடைக்குமா என்பதை வாங்குமுன்பே பார்த்துக்கொள்க. கிடைக்காவிடின் ஒருமுனையில் இயங்கும் 3 குதிரைத்திறன் மோட்டாரைக் கேட்டு வாங்கலாம். அது ஏறத்தாழ 15 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். தொடங்கும்போது அதனினும் பன்மடங்கு எடுக்கும். மெல்லிய நீண்ட கம்பியில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்குக் குறையாமலும், நில இணைப்போடும் இருத்தல் வேண்டும். உழவர்களின் இலவச மின் இணைப்பு வேளாண்மைக்கே உரியது. அதிலிருந்து இவ்வியந்திரத்தை ஓட்டலாகாது.

பம்பு செட்டுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அது உயிருக்கும் உறுப்புக்கும் கேடு. மின்தடை நீங்கியதும் இயந்திரம் தானே சுழலத் தொடங்கக் கூடாது. கையால் அழுத்தினால் மட்டுமே தொடங்கும் ஸ்டார்ட்டர் வேண்டும்.

விரல்களைக் காத்தல்

இயந்திரத்தின் அபாயமான பகுதிகளுக்குக் காப்பு வேண்டுமென 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வற்புறுத்தியது. நம் கொட்டகை அத்தகைய சட்ட வரம்புக்குள் வராதிருக்கலாம். விரல்கள் எங்கும் ஒன்றே. அலகை மூடும் காப்பில்லாத இயந்திரத்தை விலை குறைவென்று வாங்காதீர்கள். ஓரடிக்குக் குறைந்த துண்டை இழைக்கலாகாது. பலகையின் நேர்க்கோட்டில் நிற்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். கையுறையும் தொங்கும் துண்டும் கூடா. மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளென்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995 இல் வகைப்படுத்தியது. ஆதலின் மூக்குக் கவசமும் தூளை வாங்கும் குழாயும் தேவை.

தீர்மானத்தில் எழுத வேண்டியவை

1. 12 அங்குலக் கூட்டு இயந்திரம். மேசையும் உடலும் வார்ப்பிரும்பு.
2. மோட்டாரின் திறன், ஒருமுனையா மும்முனையா என்பது.
3. திருகுக் கால்களுள்ள சக்கரச் சட்டம். ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் எடை.
4. அலகுக் காப்பு, தானே தொடங்காத ஸ்டார்ட்டர்.
5. உபரி அலகு இரு தொகுதி. அருகில் பழுதுபார்க்கும் வசதி.
6. உண்மையான மரத்தில் ஓட்டிக் காட்டிய பின்பே பணம்.

ஆறாவதை மறவாதீர்கள். முடிச்சுள்ள வேப்பம் பலகை ஒன்றை நீங்களே கொண்டுசெல்லுங்கள். இழைத்த முகத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பின்னர் உங்கள் தச்சர் ஒருவரை அழைத்து, இயந்திரத்தைக் கதவுக்கு வெளியே உருட்டிச் சென்று மீண்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். இவ்விரு சோதனைகளிலும் தேறிய இயந்திரத்தையே வாங்குங்கள். பொதுப்பணத்தில் வாங்கும் பொருள் தார்ப்பாயின் கீழ் உறங்கலாகாது. அதைக் கையாளும் தச்சரின் பத்து விரல்களும் குறையலாகாது.