வண்டிக்குச் சாயம் பூசுங்கள். மூச்சுக்குக் காயம் வேண்டாம்



பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் தோழர்கள் நம்மில் பலர். அதன் பின்புறத்தை மூடியிருக்கும் கெனோப்பி பெரும்பாலும் பைபர்கிளாஸால் ஆனது. சில வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றால் மேல்பூச்சு மங்கிவிடும். கையை வைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். பட்டறையில் கொடுத்தால் செலவு அதிகம். "நாமே அடிச்சிட்டா என்ன?" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையில் இறங்கிவிடுகிறோம்.

இறங்குங்கள், தப்பில்லை. ஆனால் அந்த வேலையில் மூச்சைக் கெடுக்கும் பொருள்கள் இரண்டு உண்டு. ஒன்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மற்றது மூக்குக்கே தெரியாது. இவ்விரண்டையும் அறிந்துகொள்வோம்.

முதலாவது, தூசு

கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்ததே பைபர்கிளாஸ். அதை உலர்ந்தபடியே உப்புத்தாளால் தேய்த்தால் மிக நுண்ணிய தூசு பறக்கும். தோலில் பட்டால் அரிக்கும், கண் சிவக்கும், தொண்டை கரகரக்கும், இருமல் வரும்.

இதற்கு எளிய வழி தண்ணீர்தான். வாட்டர் பேப்பர் வாங்கி, ஒரு வாளித் தண்ணீரில் அடிக்கடி நனைத்துத் தேய்த்தால் தூசு பறக்காமல் சேறாக வழிந்துவிடும். அது காயுமுன் கழுவி விடுங்கள். காய்ந்தால் மறுபடியும் தூசுதான். முழுக்கைச் சட்டையும், கண்ணாடியும், என்95 முகக்கவசமும் அணியுங்கள். 2020-இல் கோவிட் காலத்தில் நாம் போட்டுப் பழகிய மெல்லிய முகக்கவசம் இதற்குப் போதாது.

உடம்பு அரித்தால் சொறியாதீர்கள். முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, பிறகு சோப்புப் போட்டுக் குளியுங்கள். அந்தத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

இரண்டாவது, ஹார்டனர்

இதுதான் பெரிய ஆபத்து. பட்டறைகளில் 'டூ கே' என்று சொல்லும் சாயம் இரண்டு டின்களாக வரும். ஒன்று சாயம், மற்றது ஹார்டனர். இரண்டையும் கலந்து துப்பாக்கியில் அடித்தால் கண்ணாடி போலப் பளபளக்கும். ஆனால் அந்த ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்னும் இரசாயனம் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. தீங்கு செய்யும் அளவுக்குக் காற்றில் கலந்திருந்தாலும் அதன் வாசனை தெரியாமல் போகலாம். அடித்த நேரத்தில் ஒன்றும் இருக்காது. ராத்திரி படுத்த பிறகு இருமலும் இழுப்பும் வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சு அடைத்துக்கொள்ளும்.

அந்த வேலைக்குக் குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். அது நம் வீட்டில் ஏது? ஆகவே வீட்டில் 'டூ கே' அடிக்கவே வேண்டாம். ஒரே டின்னில் வரும் எனாமல் சாயம் வாங்குங்கள். அதிலும் ஐசோசயனேட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். துப்பாக்கியில் அடிக்காமல் பிரஷ் அல்லது சிறு உருளையால் பூசுங்கள். பளபளப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வேலை செய்யும் முறை

1. கெனோப்பியைக் கழற்றுவதானால் நாலு பேர் பிடியுங்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டால் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாது.
2. சோப்புத் தண்ணீரில் கழுவி, அழுக்கும் மெழுகும் போக்குங்கள். பிறகு 320 அல்லது 400 எண் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள்.
3. பைபர்கிளாஸுக்கு ஏற்ற பிரைமர் பூசிய பின், சாயத்தை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். இடைவெளி எவ்வளவு என்று டின்னில் இருக்கும். உச்சி வெயிலும் வேண்டாம், மழை நேரமும் வேண்டாம்.
4. திறந்த வெளியில் செய்யுங்கள். மருந்தடிக்கும்போது காற்றைப் பார்த்து நிற்பது போல, காற்று உங்கள் பக்கமிருந்து சாயத்தின் பக்கம் வீசும்படி நில்லுங்கள். என்95 தூசைத்தான் தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. தலை சுற்றினால் உடனே விலகி வாருங்கள்.

வீட்டாருக்கு

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் அடுப்பிலோ சாமி விளக்கிலோ தீப்பிடிக்கும். பக்கத்தில் சிகரெட் கூடவே கூடாது. எனாமல் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்து வெளியில் காயப் போடுங்கள்.

மிச்சத் தின்னரைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 999-க்கு அழையுங்கள், டின்னையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கையில் ஒட்டிய சாயத்தைத் தின்னரால் கழுவாமல், சமையல் எண்ணெய் தடவித் துடைத்துச் சோப்புப் போடுங்கள்.

இருமலும் இழுப்பும் விடாமல் இருந்தால், "சளிதான்" என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது, என்ன சாயம் பூசினீர்கள், என்றைக்குப் பூசினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

தோழர்களே, மங்கிப்போன கெனோப்பிக்கு எப்போது வேண்டுமானாலும் புதுச் சாயம் பூசலாம். கெட்டுப்போன நுரையீரலுக்குப் பூசச் சாயம் எந்தக் கடையிலும் இல்லை. விடியற்காலையில் மரம் வெட்டப் போகவும், குலை சுமக்கவும் அந்த மூச்சுதான் நமக்கு மூலதனம். அதைக் காப்போம்!