திக்கும் சொல்லுக்குக் காத்திருப்போம்

என் மூன்றாம் வகுப்பில் டவுன் சின்ட்ரோம் உள்ள மாணவன் ஒருவன் படிக்கிறான். ஒருநாள் காலை என் மேசையருகே வந்து, “த... த... த...” என்று தொடங்கினான். “தண்ணீரா? போய்க் குடிச்சிட்டு வா” என்றேன். போனான், திரும்பி வந்து அமர்ந்தான். அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை. மாலையில் அவனை அழைத்துச் செல்ல வந்த பாட்டி, “இவனுக்குத் தம்பி பொறந்திருக்கான் டீச்சர், சொன்னானா?” என்றார். சொல்லத்தான் வந்தான், நான்தான் விடவில்லை.

அதன்பின் இதுபற்றித் தேடிப் படித்தேன், சிறப்பாசிரியரிடமும் கேட்டறிந்தேன்.

பெரும்பாலும் 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் இந்நிலை ஏற்படுகிறது. இக்குழந்தைகளுக்கு உதடு, நாக்குத் தசைகள் தளர்ந்திருக்கும். நடுச்செவியில் நீர் சேர்ந்து கேட்கும் திறன் குறைவதும் உண்டு. காதால் கேட்டதை நினைவில் நிறுத்துவது கடினம். கண்ணால் கண்டது எளிதில் பதியும். பேச்சில் வெளிப்படுவதைவிட இவர்கள் புரிந்துகொள்வது பெரும்பாலும் அதிகம். எனவே பேச்சைக் கொண்டு அறிவை அளக்கக் கூடாது.

சரளமாகப் பேச இயலாமை இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்வது, நீட்டுவது, சொல் வராமல் நிற்பது ஆகியவை திக்குதல். அவசரமாக, எழுத்துகளை விழுங்கிப் பேசுவது வேறு வகை. இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தும் இருக்கலாம்.

வகுப்பறையில் நான் கடைப்பிடிப்பவை:

1. சொல்லை நான் முடித்து வைப்பதில்லை. முகம் பார்த்துக் காத்திருக்கிறேன்.

2. “மெதுவாப் பேசு” என்று சொல்வதில்லை. திக்கும் குழந்தைக்கு அது பதற்றத்தையே கூட்டும். நானே நிதானமாகப் பேசுகிறேன்.

3. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. உடன் படமோ சொல்லட்டையோ.

4. வாசிப்பில் முதலில் சேர்ந்து படிக்கச் செய்கிறேன். சேர்ந்து படிக்கையில் திக்குதல் பெரும்பாலும் குறைகிறது.

5. விடையைச் சுட்டிக் காட்டினாலும் மதிப்பெண் உண்டு.

6. யாரும் சிரிக்கக் கூடாது, இடையில் பேசக் கூடாது என்பது வகுப்பு விதி. அது எனக்கும் பொருந்தும்.

செவித்திறன் பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வழியாகப் பெற்றோருக்கு வழிகாட்டலாம்.

மறுநாள் காலை அவனை அருகில் அழைத்து, “நேத்து என்னவோ சொல்ல வந்தியே?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். வகுப்பும் காத்திருந்தது. “த... த... தம்பி” என்றான். நாற்பது கைகள் தட்டின. திக்கியதற்காக அல்ல, திக்காமல் இருந்ததற்காகவும் அல்ல, தம்பி பிறந்ததற்காக.