பின் மாறும், வோல்டேஜ் மாறாது

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போறீங்களா? ரூமுக்குள் நுழைந்ததும் பிளக் பாயின்ட்டைப் பாருங்க. பக்கத்தில் சுவிட்ச் இருக்காது. லைட் சுவிட்சை மேலே தள்ளினால்தான் எரியும். செங்கல்பட்டில் நம்ம வீட்டில் கீழே அழுத்தணும்.

இதெல்லாம் ரெண்டு நாளில் பழகிடும். வோல்டேஜ் அப்படி இல்லை. இங்கே 230 வோல்ட், அங்கே 120. அடாப்டர் பின்னோட வடிவத்தை மட்டும்தான் மாற்றும்.

முதல் வருஷம் படிச்ச கணக்குதான். ரெசிஸ்டன்ஸ் மாறாவிட்டால், பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். இங்கே வாங்கின 1000 வாட் அயர்ன் பாக்ஸ் அங்கே சுமார் 270 வாட்தான் எடுக்கும். சட்டைச் சுருக்கம் போகாது, அவ்வளவுதான்.

ஆபத்து எதிர்ப்பக்கம். மாமல்லபுரத்தில் தங்க வரும் அமெரிக்கர், 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த 1000 வாட் ஹேர் டிரையரை இங்கே செருகினால் சுமார் 3,670 வாட் இழுக்கும். காயில் கருகிடும். ஜெர்மனிக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் வீட்டிலும் 230 வோல்ட்தான்.

அதனால் பெட்டி கட்டும்போது ஒவ்வொரு பொருளையும் திருப்பி லேபிளைப் படிங்க. 'இன்புட் 100–240 வோல்ட்' என்று இருந்தால் அடாப்டர் போதும். லேப்டாப், போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான். 230 மட்டும் என்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

அம்மா ஆசையா எடுத்து வைக்கிற மிக்ஸியையும் பாருங்க. அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் மிக்ஸி சென்னையில் கிடைக்கும். கடையில் கேட்டு வாங்குங்க.