டைனிங் டேபிளைச் சுற்றி எல்லா நாற்காலியும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா?

கேள்வி: பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கூடமும் முற்றமும் உள்ள பழைய வீடு, சிவப்பு ஆக்சைடு தரை. மாமனார் செய்து போட்ட தேக்கு டைனிங் டேபிள், ஆறடிக்கு மூன்றடி, இன்னும் நன்றாக இருக்கிறது. அதோடு வந்த நாற்காலிகளில் மூன்றுதான் மிச்சம். திண்ணையில் கிடந்த தைக்கால் பிரம்பு நாற்காலி இரண்டு, ஐந்தடி நீளத்தில் ஒரு விசுப்பலகை, நாலைந்து பிளாஸ்டிக் சேர் என்று ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். மாமியாருக்கு முழங்கால் வலி. மாமனார் இன்றைக்கும் மணை போட்டுத் தரையில்தான் சாப்பிடுவார். நான் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் வந்தால் பதினோரு பேர். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், புது செட்டே வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?
– வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: புது செட் வேண்டாம் அம்மா. உங்களிடம் இருப்பதை வைத்தே எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். தேக்கும் பிரம்பும் பலகையும் ஒரே டேபிளைச் சுற்றி நின்றால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். கவலைப்பட வேண்டியது உட்காரும் உயரத்தைப் பற்றி.

ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். டேபிள் தரையிலிருந்து 30 அங்குலம் இருந்தால் உட்காருமிடம் 18 அங்குலம் இருக்க வேண்டும். நடுவே 10 முதல் 12 அங்குலம் விடுவது உலகமெங்கும் தச்சர்கள் வைத்திருக்கிற கணக்கு. கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு 12 அங்குலமே சௌகரியம், முழங்கை தடையில்லாமல் மேலே வரும். இருக்கை 15 அங்குலத்துக்கு இறங்கிவிட்டால் டேபிள் நெஞ்சுக்கு ஏறிவிடும். ரசம் சாதம் வாய்க்குப் போவதற்குள் மணிக்கட்டு வரை வழியும்.

உங்கள் தேக்கு நாற்காலிகள் டேபிளோடு சேர்த்துச் செய்தவை என்பதால் உயரம் சரியாகவே இருக்கும். மூன்றையும் ஒரே பக்கத்தில் வரிசையாகப் போடுங்கள். எதிர்ப்பக்கம் விசுப்பலகை. இரண்டு தலைமாட்டிலும் பிரம்பு நாற்காலி. இப்படிப் போட்டால் நேருக்கு நேர் ஒரு ஒழுங்கு வந்துவிடும், ஏதோ கிடைத்ததைப் போட்டது போல இருக்காது.

பிரம்பு நாற்காலியைத் தலைமாட்டில் போடச் சொல்வதற்குக் காரணம் அதன் கை. நீளப் பக்கத்தில் போட்டால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையில் இடிக்கும். எந்தப் பக்கம் போட்டாலும் டேபிளுக்கு அடியில் ஓடும் சட்டத்தில் கை தட்டுகிறதா என்று பாருங்கள்; தட்டினால் நாற்காலி உள்ளேயே போகாது, சாப்பிடுகிறவர் எட்டி எட்டிச் சாப்பிட வேண்டியிருக்கும். இன்னொன்று, திண்ணையில் சாய்ந்து பேப்பர் படிக்கப் பின்னியது அது. இருக்கை தாழ்ந்திருக்கும், ஆள் உட்கார்ந்ததும் இன்னும் ஓர் அங்குலம் அமுங்கும். சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் கொள்ளிடத்துக்குப் பக்கத்தில் தைக்கால் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அங்கேயே கொண்டுபோய் இருக்கைப் பின்னலை இழுத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். தலைமுறையாக இதே தொழிலில் இருப்பவர்கள். பிறகு தென்னைநார் வைத்துத் தைத்த இரண்டங்குல மெத்தை ஒன்று போட்டால் உயரம் சரியாகிவிடும். இலவம்பஞ்சு வேண்டாம், சீக்கிரமே தட்டையாகிவிடும். உறையைக் கழற்றித் துவைக்கிற மாதிரி நாடா வைத்துத் தையுங்கள். சாம்பார் சிந்தாத வீடு கிடையாது.

அடுப்படிக்குப் பக்கத்துத் தலைமாட்டு நாற்காலியை மாமியாருக்குக் கொடுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் ஊன்ற ஏதாவது வேண்டும், அந்த வசதி கைவைத்த நாற்காலியில்தான் உண்டு. அவருக்கு மட்டும் இருக்கை 19 அங்குலம் இருந்தாலும் நல்லதே. நாற்காலி நகர்ந்துவிடாமல் நாலு காலுக்கும் ரப்பர் புஷ் மாட்டுங்கள்.

விசுப்பலகை விஷயத்தில் நம் சாப்பாட்டுப் பழக்கத்தை யோசிக்க வேண்டும். சாப்பிட்டு முடிந்ததும் எச்சில் கையோடு எழுந்து கை கழுவப் போகிறோம். வலது கையால் எதையும் தொட முடியாது. இடது கையால் ஒரு தள்ளு தள்ளினால் நாற்காலி பின்னால் போக வேண்டும். பலகையில் நடுவில் மாட்டிக்கொண்டவர் பக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துச் சேர்ந்து எழுந்திருக்கிற மரியாதை உள்ள வீட்டில் பலகை அருமையாகப் பொருந்தும். காலையில் ஆளுக்கொரு நேரம் இட்லி சாப்பிடுகிற வீட்டில் அது தொந்தரவு. அந்த நேரத்தில் சுவரோரம் தள்ளிவிடுங்கள். டேபிள் கால்களுக்கு நடுவே பலகை நுழைகிறதா என்றும் பாருங்கள். ஐந்தடிப் பலகைக்கு அநேகமாக இடம் இருக்கும், தட்டினால் இரண்டு அங்குலம் அறுத்துக்கொள்ளலாம். மேலே ஒரு பவானி ஜமக்காளத்தை நீளவாக்கில் மடித்துப் போட்டால் உட்காரவும் இதம், கூடத்துக்கும் ஒரு நிறம் வரும்.

இப்படி ஒரு கையால் தள்ளக்கூடிய, எடை குறைந்த நாற்காலியின் அருமையை ஓட்டல்காரர்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். 1859-இல் வியன்னாவின் தோனெட் நிறுவனம் வளைத்த மரத்தில் 14-ஆம் எண் நாற்காலியைக் கொண்டுவந்தது. ஆறு மரத் துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, பிரம்புப் பின்னல் இருக்கை, அவ்வளவுதான். அந்தச் சாயல் நாற்காலிகளை மும்பையின் பழைய இரானி ஓட்டல்களில் இன்றும் பார்க்கலாம். ஒரு விரலால் நகர்த்தலாம். உங்கள் செட்டில் ஒன்று குறைகிறது என்று பின்னால் தோன்றினால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஒற்றை நாற்காலியாகவே கிடைக்கும். டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அழகைப் பார்த்து மயங்கி 16 அங்குல நாற்காலியை வாங்கி வந்துவிடாதீர்கள்.

இனி அந்த அடுப்படி ஸ்டூல். கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நாற்காலிகள் பலவிதமாக இருக்கிற வீட்டில் எது மட்டமோ அது பரிமாறுகிறவருக்கே போய்ச் சேருகிறது. உட்காரும் உயரத்தை வைத்து மனிதரை அளந்த மண் இது. மிராசுதாருக்குத் திண்ணையில் சாய்வு நாற்காலி, பண்ணையாளுக்கு வாசலில் நிற்பதற்கு மட்டும் இடம். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்காகவே 1924–25-இல் சேரன்மாதேவி குருகுலச் சண்டை தமிழ்நாடு காங்கிரஸை உலுக்கியது. அந்தக் குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்கென்று வைத்த தனிப்பந்தியைப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். நம் வீட்டு டேபிளிலும் அந்த மிச்சம் இருக்கக் கூடாது. தேக்கு நாற்காலிகளில் அடுப்படியை ஒட்டிய ஓர நாற்காலி உங்களுடையது. வேறு யாரும் அதில் உட்கார வேண்டாம். சாதம், குழம்பு, கூட்டு, மோர் எல்லாவற்றையும் டேபிள் நடுவில் வைத்துவிட்டு நீங்களும் கூடவே உட்காருங்கள். வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ள அவர்களுக்கும் கை இருக்கிறது.

மாமனாரை டேபிளுக்கு ஏற்ற முயல வேண்டாம். விரும்பித் தரையில் உட்காருகிறவரின் சுகம் வேறு. தூணுக்குப் பக்கத்தில் மணையைப் போடுங்கள், எழும்போது பிடித்துக்கொள்ளத் தூண் உதவும். டேபிளைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்தால் பேச்சில் அவரும் இருப்பார். பேரப் பிள்ளை ஒருவனைத் தினம் அவரோடு உட்கார வையுங்கள்.

பொங்கலுக்குப் பதினோரு பேரையும் டேபிளைச் சுற்றித் திணிக்க முடியாது. தட்டு வைத்தால் ஓர் ஆளுக்கு 24 அங்குலம் போதும், பக்கத்துக்கு மூன்று பேர், தலைமாட்டில் இரண்டு, மொத்தம் எட்டு. தலைவாழை இலை போட்டால் ஆளுக்கு 30 அங்குலமாவது வேண்டும், அப்போது ஆறு பேருக்குத்தான் இடம். அன்றைக்கு மட்டும் முறையை மாற்றுங்கள். கூடத்தில் தரையில் மாமனாரை முதலில் உட்கார வைத்து நீளமாக இலை போடுங்கள். சம்மணம் போட முடிந்தவர்கள் எல்லோரும் அந்த வரிசையில். மாமியாரும் மூட்டுவலி உள்ள மற்றவர்களும் அதே கூடத்தில், அதே நேரத்தில் டேபிளில், அவர்களுக்கும் அதே இலை. முதல் பந்தி ஆண்கள், மிச்சம் இருந்தால் பெண்கள் என்ற கணக்கே வராது. பரிமாறும் வேலையை நாத்தனாரும் உங்கள் கணவரும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும்.

பிளாஸ்டிக் சேர்களை உள்ளே கொண்டுவராதீர்கள், பின்பக்கமாகச் சரிந்திருக்கும் இருக்கை சாப்பாட்டுக்கு ஒத்துவராது. இரும்பு மடக்கு நாற்காலி வாடகைக்கு எடுத்தால் இரவில் சிவப்புத் தரையில் விட்டுவைக்காதீர்கள், ஈரத்தில் துருக்கறை பிடித்தால் போகவே போகாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய வீட்டுத் தரை முற்றத்தை நோக்கிக் கொஞ்சம் வாட்டமாகவே இருக்கும். விசுப்பலகை ஆடுகிறது என்று உடனே காலை அறுத்துவிடாதீர்கள். ஆசாரியை வரவழைத்து, பலகை நிற்கப்போகிற இடத்திலேயே வைத்து, ரசமட்டம் பார்த்துவிட்டு அறுக்கச் சொல்லுங்கள்.