தோட்டத்துக்கே போய்ப் பறிக்கலாம்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பக்கம் நாமே காய் பறிக்கத் தோட்டம் வேண்டுமென்றால், உழவர் சந்தையில் தேடலைத் தொடங்குங்கள். அங்கே விற்பவர்கள் அடையாள அட்டை பெற்ற விவசாயிகள். விடிகாலையில் அம்பத்தூர் சந்தைக்குப் போய், கத்தரியும் வெண்டையும் கொண்டுவருபவரிடம் ஊரை விசாரியுங்கள். வெள்ளவேடு, திருநின்றவூர் பக்கத்துக்காரர் என்றால் நல்லது. “பறிப்பு என்றைக்குங்க, நாங்களும் வரலாமா?” என்று கேட்டு, கைப்பேசி எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக மருந்து அடித்தது எப்போது என்று அவசியம் கேளுங்கள். ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும் அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்கணக்கு உண்டு. அது கழியாத தோட்டத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகவே கூடாது.

வெண்டைச் சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள். கத்தரியைப் பிடித்து இழுத்தால் கிளை முறியும். கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். சித்திரை, வைகாசியில் மாந்தோப்புக்குப் போனால், காயைக் கொஞ்சம் காம்போடு பறித்துக் கவிழ்த்து வையுங்கள். பால் தோலில் வழிந்தால் கறுத்துவிடும், கையில் பட்டாலும் புண்ணாகும்.

வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். விலையை முன்பே பேசிக்கொண்டு, எடை போட்டதும் பேரமில்லாமல் கொடுங்கள். நமக்காகத் தன் வேலையை நிறுத்திவிட்டு வரப்பில் நிற்பவர் அவர்.