பரிசோதனைக்கு முன்னே ஆலோசனை

நோய் வந்தால் மருந்து தேட வேண்டும் என்பது நம் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி. காரியங்களைத் தக்கவர்களோடு மஷூரா செய்து முடிக்க வேண்டும் என்பதும் நம் மார்க்கம் கற்பித்ததே. கடினமான நோய்களில் பரிசோதனையையும் சிகிச்சையையும் பெரிய நிபுணர்கள் தீர்மானிக்கும் முறையில் இவ்விரண்டும் ஒன்றுசேர்வதைக் காணலாம். இம்முறையை அறியாததால் நம்மவர்களில் ஒரு சாரார் டாக்டரிடம் போகவே அஞ்சுகின்றனர். மற்றொரு சாரார் இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் கூடிவிட்டதைக் கண்டு உறக்கமின்றித் தவிக்கின்றனர். ஆகவே, ஐம்பதை எட்டிய வியாபாரிகளுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட ஒரு நோயையே உதாரணமாக எடுத்து விளக்குவோம்.

புராஸ்டேட் சுரப்பி

இது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. வயது ஏற ஏற இது பருக்கும். அதனால் இரவில் பலமுறை எழ நேரும். சொட்டுச் சொட்டாக வருவதால் ஒளுவைப் பற்றிய சந்தேகமும் மனத்தை வருத்தும். பெரும்பாலும் இது சாதாரண வீக்கமே, புற்றுநோய் அன்று. ஆயினும் இதே சுரப்பியில் புற்றுநோயும் உண்டாகலாம். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டுவதில்லை.

இச்சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதத்தை இரத்தத்தில் அளந்து பார்ப்பதே பி.எஸ்.ஏ. பரிசோதனை. புற்றுநோய் இருந்தால் அந்த அளவு கூடும். ஆனால் சாதாரண வீக்கத்திலும், சிறுநீர்த் தொற்றிலும், வயது மிகுதியாலும்கூட அது கூடும். புகை வருகிறது என்று மட்டுமே இப்பரிசோதனை சொல்லும். அடுப்புப் புகையா, வீடு பற்றிய புகையா என்று சொல்லாது. இதற்கு மாறாக, ஃபினாஸ்டரைடு என்னும் மருந்தை மாதக்கணக்கில் உண்பவருக்கு அந்த அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து காட்டும். தலைமுடி உதிர்வதற்கும் இம்மருந்து கொடுக்கப்படுவதால், உண்ணும் மருந்து எதையும் டாக்டரிடம் மறைக்கலாகாது.

நிபுணர் கேட்கும் முதற்கேள்வி

“விடை தெரிந்தபின் என்ன செய்யப் போகிறோம்?” என்பதே நல்ல நிபுணர் முதலில் கேட்கும் கேள்வி. எண்பது வயதில் இருதயமும் பலவீனமாக உள்ள ஒருவருக்கு, மெல்ல வளரும் இந்நோயைத் தேடிக் கண்டுபிடிப்பதால் பெரும்பாலும் கவலைதான் மிஞ்சும்.

அமெரிக்காவில் நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழு ஒன்று 2018-இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியது. 55 முதல் 69 வயதுவரை உள்ள 1,000 ஆண்களுக்குப் பல ஆண்டுகள் இப்பரிசோதனை செய்து வந்தால், சுமார் 240 பேருக்கு அளவு கூடியிருக்கும். அவர்களில் சுமார் 100 பேருக்கே சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கையில் புற்றுநோய் தெரியும். சுமார் 80 பேர் அறுவையோ கதிர்வீச்சோ பெறுவர். அதன் விளைவாகச் சுமார் 50 பேர் ஆண்மைக் குறைவுக்கும், 15 பேர் சிறுநீர்க் கசிவுக்கும் ஆளாவர். இந்நோயினால் நேரும் மரணத்திலிருந்து காக்கப்படுபவர் ஒருவர் அல்லது இருவர்.

அந்த ஒருவர் நாமாகவும் இருக்கலாம், கசிவுக்கு ஆளாகும் பதினைவரில் ஒருவராகவும் இருக்கலாம். ஆதலால் இந்த வயதினர் டாக்டருடன் கலந்து பேசித் தாமே முடிவு செய்ய வேண்டும் என்றும், 70-க்கு மேற்பட்டவர்களுக்கு வழக்கமாக இது வேண்டாம் என்றும் அக்குழு கூறிற்று. தகப்பனாருக்கோ சகோதரருக்கோ இந்நோய் வந்திருந்தால் டாக்டரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

படிப்படியாகச் செல்லுதல்

அளவு ஒருமுறை கூடியதும் நிபுணர் கத்தியை எடுப்பதில்லை. தொற்று உண்டா என்று பார்ப்பார். சில வாரங்கள் கழித்து மறுபடி அளப்பார். பிறகு எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொல்வார். 576 ஆண்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2017-இல் வெளிவந்தது. முதலில் இப்படம் எடுத்தால் நூற்றுக்கு 27 பேர் சதைத் துணுக்கு எடுக்கும் வேதனையிலிருந்து தப்பலாம் என்று அது காட்டியது.

துணுக்கில் புற்றுநோய் கண்டால் அதன் வேகத்தைத் தரம் பிரிப்பார்கள். பின்னர் அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், படத்தைப் படிப்பவர், துணுக்கைப் பார்ப்பவர் முதலானோர் ஒரே மேசையில் கூடி ஆலோசிப்பார்கள். அவரவர் கடைச் சரக்கை அவரவர் மெச்சுவது உலக வழக்கம் என்பது நமக்குத் தெரியாததா? அக்குறையை இந்தக் கூட்டு மஷூரா நீக்குகிறது.

இதே பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை நோய் கண்டறியப்பட்டவர்களில், புற்றுநோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்த 1,643 ஆண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு. பதினைந்து ஆண்டுகளின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. மூன்று பிரிவிலும் இந்நோயால் இறந்தவர் நூற்றுக்குச் சுமார் மூவரே. ஆனால் கண்காணிப்பில் இருந்தோரில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு நோய் பரவியது. மற்றவர்களில் ஐந்து பேருக்கு. கண்காணிக்கப்பட்டவர்களிலும் நூற்றுக்கு அறுபது பேர் காலப்போக்கில் அறுவையோ கதிர்வீச்சோ பெற்றனர். ஆகவே கண்காணித்தல் என்பது கைவிடுதல் அன்று. கணக்குப் பார்த்துக்கொண்டே காத்திருத்தல். வேகமாகப் பரவும் தரம் என்றால் நிபுணர்கள் காத்திருக்க விடமாட்டார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

1. இந்தப் பரிசோதனையின் விடை என் சிகிச்சையை மாற்றுமா?
2. என் நோய் எந்தத் தரம்? பல நிபுணர்கள் கூடிப் பேசினார்களா?
3. உடனே செய்யாமல் பொறுத்தால் என்ன நேரும்?
4. சிகிச்சைக்குப்பின் சிறுநீர்க் கசிவும் பிற குறைகளும் எவ்வளவு வரலாம்?

சிறுநீரில் இரத்தம், சிறுநீர் அடைப்பு, நீங்காத எலும்பு வலி இவை கண்டால் மேற்சொன்ன கணக்கெல்லாம் பொருந்தாது. தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். வெட்கத்தால் மறைப்பது கூடவே கூடாது. டாக்டரிடம் போகும்போது மனைவியையோ மகனையோ உடன் அழைத்துச் செல்வது நலம். ஒருவர் காதில் விழாதது மற்றவர் காதில் விழும். கசிவு நீங்காதவருக்கும் தொழுகைக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. அதன் முறையை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம்.

சரக்கின் தரமும் விலையும் விசாரியாமல் நாம் கொள்முதல் செய்வதில்லை. நம் உடலோ அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத்து. அதன் விஷயத்தில் விசாரிப்பது இன்னும் கடமையன்றோ? வல்ல நாயன் நம் யாவருக்கும் பூரண சுகத்தையும் தெளிந்த அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.